கண்ணீர் அளவு உப்பு

இது நடந்தது சில வருடங்களுக்கு முன்பு, ஒரு சித்திரை மாதத்தில். மரக்காணத்தில் உப்பு நன்றாக விளைகிற காலம் அது. என் கணவருக்கு உப்பளத்தில் வேலை. நான் வீட்டின் முன்னறையில் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். அன்றும் அதுதான், இன்றும் அதுதான். நான் பிறந்தது வானூர் பக்கம், நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் விளைகிற மண். கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் எதைத் தொட்டாலும் கை பிசுபிசுக்கும். ஆசையாக ஒரு நல்ல கத்தரிக்கோல் வாங்கி வைத்தால் கொஞ்ச நாளில் துருப்பிடித்துவிடும். அந்தக் கத்தரிக்கோல் விஷயத்தைத் தவிர இந்த ஊர்மேல் எனக்கு வேறு குறை கிடையாது.

அப்போது எனக்கு மூன்றாவது முறையாகக் கரு தங்கியிருந்தது. முதல் இரண்டும் மூன்று மாதத்தைத் தாண்டவில்லை. இரண்டு முறையும் ஆஸ்பத்திரியில் சுத்தம் செய்து, சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து, அடுத்த முறை பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயிலுக்கு வெளியே வந்தால், ஏதாவது விசேஷம் உண்டா என்று கேட்காமல் செருப்பைக்கூடப் போட விடமாட்டார்கள். கேட்கிறவர்கள் பாசத்தில்தான் கேட்கிறார்கள். ஆனால் நான் கூட்டம் கலையட்டும் என்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்து செபம் சொல்வதுபோல் பாவனை செய்ய ஆரம்பித்தேன். கடவுள் மன்னிப்பார்.

என் மாமியார் கெட்டவர் இல்லை. மனதில் ஒன்று தோன்றினால் அதை வாய்க்குள் வைத்துக்கொள்ளத் தெரியாதவர், அவ்வளவுதான். "மல்லாட்ட வெளையற ஊர்ல பொறந்த ஒடம்பு. உப்புக் காத்து ஒத்துக்கல" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். எனக்கும் வாய் சும்மா இருக்காது. "இந்த ஊர்ல யாருக்குமே புள்ள பொறக்கலியா அத்த?" என்று கேட்டுவிட்டு மெஷினை வேகமாக மிதிப்பேன். அந்தச் சத்தத்தில் அவர் பதில் என் காதில் விழாது.

வெளியே அப்படிப் பேசினேனே தவிர, உள்ளுக்குள் எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. உப்பளத்தில் என் கணவருக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது பாத்தி வரப்பில் நடந்திருக்கிறேன், வெயில் தாங்காமல் அந்தத் தண்ணீரில் காலை நனைத்திருக்கிறேன். அதனாலா? மெஷின் மிதித்ததாலா? சாப்பிடக்கூடாத எதையாவது சாப்பிட்டேனா? நாள் முழுக்க இதே யோசனை. பிள்ளை வேண்டும் என்பதுகூட அப்புறம்தான்; ஏன் தங்கவில்லை என்று யாராவது ஒரு காரணம் சொன்னால் போதும் என்ற நிலைக்கு வந்திருந்தேன். காரணம் தெரியாத துக்கம் இருக்கிறதே, அது எங்கே போனாலும் நம்மையே கை காட்டும்.

பாண்டிச்சேரியில் நாங்கள் பார்த்த டாக்டர் அம்மாதான் அந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருப்பதாகச் சொன்னவர். இந்த முறையும் தங்காமல் போனால் வெளியே வருவதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், எங்களிடம் கொண்டு வாருங்கள், அதில் குரோமோசோம் பார்த்தால் தெரிந்துவிடும் என்றார். கரு தங்கிய சந்தோஷத்தில் போயிருந்தவளிடம் இப்படியா பேசுவார்கள் என்று வரும் வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டு வந்தேன். ஆனால் அவர் சொன்னதை மறக்கவில்லை.

அடுத்த ஸ்கேனில் துடிப்பு இல்லை. டாக்டர் அம்மா திரையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் பேசுவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் வந்து அட்மிட் ஆகச் சொன்னார். என் உடம்பு அதுவரை காத்திருக்கவில்லை. மறுநாள் காலையில் பையை எடுத்து வைத்துக்கொண்டிருக்கும்போதே வலி வந்து, வீட்டிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. மாமியார் என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு செபமாலை சொன்னார். அன்று உப்புக் காற்றைப் பற்றி அவர் எதுவும் பேசவில்லை.

என் கணவர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். எடுத்தது ஒரு நர்ஸ். பின்னால் ஒரே இரைச்சல். சலைனில் போட்டு எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். "சலைன்னா என்னாங்க?" என்று இவர் கேட்டார்.

"உப்புத் தண்ணிங்க. நல்ல சுத்தமான பாட்டில்ல, சுத்தமான உப்புத் தண்ணி. சீக்கிரம் வாங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அந்த நர்ஸ்மேல் எனக்குக் கோபம் இல்லை. வேறு எந்த ஊர்க்காரராக இருந்தாலும் எவ்வளவு உப்பு போடணும் என்று திருப்பிப் போன் செய்து கேட்டிருப்பார், இல்லையென்றால் மெடிக்கல் ஷாப்புக்கு ஓடியிருப்பார். உப்பளத்துக்காரரிடம் உப்புத் தண்ணீர் கேட்டால் அவர் யாரிடம் போய் என்ன விளக்கம் கேட்பார்? சமையல் அறையில் பாக்கெட் உப்பு இருந்தது. மாமியார் அதை எடுத்து வந்தார். "பாக்கெட்டு உப்புல என்னென்னமோ கலக்குறான், அது வேணாம்மா" என்று சொல்லிவிட்டு இவர் குடத்தோடு வண்டியை எடுத்தார்.

உப்பளத்தில் தண்ணீர் ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்குப் போகப் போகக் கெட்டியாகிக்கொண்டே போகும். கடைசிப் பாத்தியில், உப்பு உறையப் போகிற நேரத்தில், அது கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும். அந்தத் தண்ணீரைத்தான் மொண்டு வந்தார். என்னிடம் இருந்த புது லைனிங் துணியைக் கேட்டு வாங்கி, திரும்பத் திரும்ப வடிகட்டினார். கண்ணாடி பாட்டிலை வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைத்தார். உப்பு எவ்வளவுக்கு எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்கு அவ்வளவு கெடாது என்பதுதான் அவருக்குத் தெரிந்த கணக்கு. கருவாட்டுக்கு உப்பு குறைந்தால் என்ன ஆகும் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். பாண்டிச்சேரி போய்ச் சேருவதற்குள் அந்த வெயிலில் எதுவும் ஆகிவிடக் கூடாது என்று பயந்தார்.

யாரையும் தொட விடவில்லை. அவரே எடுத்து, சிலுவை அடையாளம் போட்டுவிட்டு, அந்தப் பாட்டிலில் வைத்து மூடினார். மண்வெட்டி பிடித்துக் காய்த்துப் போன கை அது. அவ்வளவு பதமாக அவர் எதையும் எடுத்து நான் பார்த்ததில்லை. அந்தப் பிள்ளைக்கு அப்பாவாக அவர் செய்ய முடிந்த வேலை அது ஒன்றுதான், அதை அவர் குறைவில்லாமல் செய்தார்.

தெருமுனை ஆட்டோவில் போனோம். ஈசிஆர் ரோடு முழுக்க அனல். வெயில் படாமல் பாட்டிலை ஈரத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வண்டி குலுங்கும்போதெல்லாம் ஒரு கையால் என்னைப் பிடிப்பார், ஒரு கையால் அதைப் பிடிப்பார். ஆஸ்பத்திரியில் என்னை உள்ளே படுக்க வைத்தார்கள், பாட்டிலை வாங்கிக்கொண்டு போனார்கள். ரிசல்ட் வர நாள் ஆகும், கூப்பிடுகிறோம் என்றார்கள்.

கூப்பிட்டபோது டாக்டரைப் பார்க்கும் முன்பு லேபுக்குப் போகச் சொன்னார்கள். அங்கே ஒரு அம்மா இருந்தார். என் வயதுதான் இருக்கும், கண்ணாடி போட்டிருந்தார். எங்களை உட்கார வைத்துவிட்டு, "வளரலைங்க" என்றார். எங்களுக்குப் புரியவில்லை. எதில் போட்டுக் கொண்டு வந்தீர்கள் என்று கேட்டார்.

இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அளத்துத் தண்ணி மேடம். கடைசிப் பாத்தித் தண்ணி. நல்லா வடிகட்டி ஊத்துனேன். ஒரு தூசி இருந்திருக்காது" என்றார்.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். மெதுவாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் இல்லாமல் மனிதருக்கு மனிதர் சொல்வதுபோல் சொன்னார். குரோமோசோம் என்பது எப்போதும் கண்ணுக்குத் தெரிவது இல்லையாம். செல்லுக்குள் அது நூல் கலைந்து கிடப்பதுபோலக் கிடக்கும். எத்தனை இருக்கிறது, எது எது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு செல் இரண்டாகப் பிரியப் போகிறது என்றால் மட்டும், ஒவ்வொரு நூலும் தன்னைப்போலவே இன்னொன்றைச் செய்துகொண்டு, சுருண்டு, தடித்து, தனித்தனியாகத் தெரிய ஆரம்பிக்கும். அந்த நேரம் பார்த்து நிறுத்தி எண்ண வேண்டும். அதற்குச் செல் உயிரோடு இருக்க வேண்டும், அது லேபில் வைத்த பிறகும் பிரிய வேண்டும். எங்கள் பாட்டிலில் இருந்த ஒரு செல்கூடப் பிரியவில்லை. கெட்டியான உப்பு உள்ளே இருந்த தண்ணீரையெல்லாம் இழுத்துவிட்டது.

இவர் பாட்டில் பிடித்த கையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அப்ப, நான் அதுல போடறப்ப உசுரோட இருந்துச்சுங்களா?"

அந்த அம்மா பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "செல்லுங்க உயிரோட இருந்திருக்கும் சார். ஆனா அது வந்து..." என்று ஆரம்பித்தார். இவர் மிச்சத்தைக் கேட்க அங்கே இல்லை. எழுந்து வெளியே போய்விட்டார்.

நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். என்ன கேட்பது என்று தெரியாமல், அப்படியென்றால் அந்த சலைனில் உப்பே இருக்காதா என்று கேட்டேன். "இருக்கும்மா. ஆனா ரொம்பக் கொஞ்சம். நம்ம கண்ணீர்ல இருக்குற அளவுதான்" என்றார். அந்தத் தண்ணீர் அன்றைக்கு எங்கள் வீட்டில் நிறையவே இருந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று எங்கள் பைக்கில் திரும்பினோம். கீழ்புத்துப்பட்டு செக்போஸ்டில் நிறுத்தினார்கள். பாண்டிச்சேரியிலிருந்து வருகிற வண்டி என்றால் சரக்கு இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். போலீஸ்காரர் எங்கள் பையைத் தட்டிப் பார்த்து, "பாட்டில் எதுனா இருக்குதா?" என்று கேட்டார். தினமும் ஆயிரம் பேரிடம் கேட்கிற கேள்வி. இவர் ஸ்டாண்டுகூடப் போடாமல் வண்டியை விட்டுவிட்டு ரோட்டோரத்தில் உட்கார்ந்து அழுதார். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை. சாய்ந்த வண்டியை அந்தப் போலீஸ்காரர்தான் பிடித்து நிறுத்தினார். குடித்திருக்கிறாரா என்று முகர்ந்து பார்த்தார், இல்லை என்று தெரிந்ததும் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். பாட்டில் என்பதால் அதையும் இவர் தொடவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு என் துக்கத்தைப் பார்க்க நேரம் இல்லாமல் போனது. அவர் அளத்துக்குப் போவதை நிறுத்திவிட்டார். விளைச்சல் நேரத்தில் ஆள் இல்லை என்று மேஸ்திரி இரண்டு முறை வந்து கேட்டுவிட்டுப் போனார். சோற்றில் உப்பு போட வேண்டாம் என்றார். உப்பு போட்ட குழம்பு என்று தெரிந்தால் தட்டை நகர்த்திவிடுவார். வெறும் சோற்றை மோரில்கூடக் கலக்காமல் விழுங்குவார். என்ன சொன்னாலும் ஒரே பதில்தான். "உசுரோட இருந்திருக்குதும்மா. நான்தான்."

மாமியார் முன்பெல்லாம் மகனைத் திட்டுவதென்றால், "சோத்துல உப்பு போட்டுத்தான் திங்கிறியா?" என்றுதான் திட்டுவார். ரோஷம் இல்லாதவனைக் கேட்கிற கேள்வி. அதே அம்மா இப்போது தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, "ஒரு கல்லு உப்பு போட்டுத் தின்னுடா, ஏம்பா, ஒரே ஒரு கல்லு" என்று கெஞ்சுவார். இவர் வாயே திறக்கமாட்டார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். பிள்ளையை வயிற்றில் சுமந்தவள் நான், இழந்தவள் நான், இதில் இவரையும் இழக்க வேண்டுமா என்று இருக்கும். சத்தம் போட்டுப் பேச முடியாமல் ஜாக்கெட் தையலைப் பிரித்துப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த லேப் அம்மாதான் போன் செய்தார். அவர் செய்யவேண்டிய அவசியமே இல்லை. குழந்தையின் செல்லில் பார்க்க முடியாவிட்டாலும் உங்கள் இருவரின் இரத்தத்தில் பார்க்கலாம், கட்டாயம் சாரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். இவர் வரமாட்டேன் என்றார். "இன்னொரு தடவ அங்க தனியா உக்கார எனக்குத் தெம்பு இல்லீங்க" என்று சொன்னேன். அதற்காக வந்தார்.

இரத்தம் எடுத்தார்கள். சூட்டுப் பெட்டியில் சில நாள் வளர வைத்து, பிரிகிற நேரத்தில் ஒரு மருந்து விட்டு அப்படியே நிறுத்துவார்களாம். மறுபடியும் எங்களை வரவழைத்தபோது அந்த அம்மா பேச்சைத் தொடங்கவில்லை. மைக்ராஸ்கோப்பைச் சரி செய்துவிட்டு, "இந்தத் தடவ நீங்களே பாருங்க சார்" என்றார்.

இவர் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் நான் பார்த்தேன். என் மெஷினுக்குக் கீழே தரையில் வெட்டி விழுந்த கறுப்பு நூல் துண்டுகள்போல இருந்தது. நெட்டையும் குட்டையுமாகச் சிதறி, ஒவ்வொன்றும் நடுவில் ஒட்டிக்கொண்ட ஜோடியாக. ஒவ்வொரு நூலும் தன் நகலோடு சேர்ந்து நிற்கிறது, நிறுத்தாமல் விட்டிருந்தால் எல்லாம் நடுவில் வரிசையாக வந்து நிற்கும், இரண்டு பக்கமிருந்தும் இழுத்து ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்ளும், அப்புறம் செல்லும் நடுவில் இறுகி இரண்டாகும் என்று அந்த அம்மா சொன்னார். புதுச் செல் இரண்டுக்கும் முழுசாக நாற்பத்தாறு. நாம் எல்லாரும் ஒரு செல்லில் ஆரம்பித்து இப்படிப் பிரிந்து பிரிந்துதான் இவ்வளவு பெரிதாகியிருக்கிறோமாம்.

அது யாருடைய இரத்தம் என்று கேட்டேன். உங்களுடையதுதான் என்றார். அதன் பிறகு ஒரு படத்தை எடுத்து வைத்தார். அதில் அந்தத் துண்டுகளை ஜோடி ஜோடியாக அடுக்கியிருந்தார்கள். இரண்டு இடத்தில் விரலை வைத்தார். ஒரு குரோமோசோமின் நுனி இன்னொன்றில் ஒட்டியிருக்கிறது, அதன் நுனி இதில் வந்து ஒட்டியிருக்கிறது. எதுவும் குறையவில்லை, கூடவும் இல்லை, இடம்தான் மாறியிருக்கிறது. பிறக்கும்போதே அப்படி. என் உடம்பில் எல்லாத் துண்டும் இருப்பதால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

அவர் மேலே சொல்வதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. இரண்டு ஜாக்கெட் துணியைச் சேர்த்து வெட்டும்போது கைக்கு வெட்டிய துண்டு மாறிப் போனால், இரண்டும் என் மேஜையில் இருக்கும்வரை ஒரு பிரச்சினையும் இல்லை. ஒன்றை மட்டும் எடுத்து ஒருத்திக்குக் கொடுக்கும்போதுதான் வம்பு. பிள்ளைக்குப் போகும் முட்டையில் ஜோடிக்கு ஒன்றாகப் பாதிதான் போகும் என்று அந்த அம்மா சொன்னார். அந்தப் பிரிவினையில் சில முட்டைக்கு ஒரு துண்டு குறைந்தும் வேறு துண்டு கூடியும் போய்விடும். அந்தப் பிசகைச் செல் பிரியும்போதெல்லாம் நகல் எடுத்துக்கொண்டே போகும், திருத்த முடியாது. எல்லா முட்டையும் அப்படி இருக்காது, சரியானதும் வரலாம் என்றும் சொன்னார்.

"அந்தப் பிசகோடயே அது முடிஞ்ச வரைக்கும் பிரிஞ்சு பிரிஞ்சு வளரப் பாத்திருக்கும்மா" என்றார். முடிந்த வரைக்கும் என்ற அந்தச் சொல்லைக் கேட்டு அங்கேயே அழுதுவிட்டேன். அதுவரை என் வயிறு அதைத் தள்ளிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். அதுவும் என்னைப்போலவே ஆசைப்பட்டிருக்கிறது.

அந்த அம்மா இவர் பக்கம் திரும்பி, அன்று பாதியில் விட்டதை முடித்தார். ஸ்கேனில் பார்த்தபோதே குழந்தை போய்விட்டது. ஒருவர் இறந்த பிறகும் உடம்பில் சில செல்கள் கொஞ்ச நேரம் உயிரோடு இருக்கும், அதற்காக அவர் இருக்கிறார் என்று யாரும் சொல்வதில்லை. அதுபோலத்தான் இதுவும். "நீங்க எதையும் கொல்லல சார். பத்திரமாக் கொண்டு வரணும்னு நெனச்சீங்க. யாரும் உங்களுக்குச் சரியாச் சொல்லல. அது எங்க தப்பு."

இவர் கேட்ட கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. "அதுக்கு வலிச்சிருக்குமா மேடம்?"

"இல்ல சார்" என்றார். உடனே சொன்னார், யோசிக்காமல் சொன்னார். அதனால் நாங்கள் நம்பினோம்.

கிளம்பும்போது அந்த அம்மா வாசல்வரை வந்தார். உங்கள் பக்கத்திலிருந்து இன்னும் பல பேர் வருவார்கள், உங்கள் பெயரைச் சொல்லாமல் இதை எங்கள் நர்ஸ்களிடம் சொல்லலாமா என்று கேட்டார். இவர் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்து நான் மாமியாரிடம் விஷயத்தைச் சொன்னேன். குறை என்னிடம்தான் என்று சொல்லும்போது பழைய பேச்சு வரும் என்று தயாராக இருந்தேன். லேபில் கொடுத்து அனுப்பிய அந்தப் படத்தை அவர் வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். "அப்ப உப்பு இல்ல" என்றார். இல்லை அத்தை என்றேன். அடுப்படிக்குள் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது குழம்பில் உப்பு இருந்தது. இவர் ஒரு வாய் வைத்தார், நிறுத்தினார், அப்புறம் சாப்பிட்டார். நாங்கள் இருவரும் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த வருடம் கல்லறைத் திருநாளுக்கு மாமனார் கல்லறையைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றினோம். எங்கள் பிள்ளைகளுக்கு அங்கே இடம் இல்லை. ஞானஸ்நானம் இல்லை, பெயர் இல்லை. மாமியார் பாக்கெட்டிலிருந்து இன்னும் சில மெழுகுவர்த்தியை எடுத்து, கல்லறைக்குப் பக்கத்து வெறும் மண்ணில் ஊன்றி ஏற்றினார். எத்தனை என்று நான் எண்ணவில்லை. கடல் காற்றில் அணைய அணைய, மறுபடி மறுபடி ஏற்றிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு இன்றுவரை எனக்குக் கரு தங்கவில்லை. வரலாம் என்கிறார்கள், வராமலும் போகலாம். இவர் அளத்துக்குப் போகிறார். ஆனால் கடைசிப் பாத்தியில் மட்டும் வேறு ஆளை இறங்கச் சொல்லிவிடுகிறார்.

போன மாசி மாதத்தில் ஒரு பெண் வளைகாப்பு ஜாக்கெட் தைக்க வந்தாள். பக்கத்து ஊர், அளத்தில் கூலி வேலை செய்கிற குடும்பம். அளவு எடுக்கும்போது, முன்னால் ஒன்று தங்காமல் போனது என்று அவளாகவே சொன்னாள். அதைப் பாண்டிச்சேரியில் டெஸ்ட் செய்து பார்த்தார்களாம். அந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் எதேச்சையாக நடந்த பிசகு, அம்மா அப்பா மேல் ஒன்றும் இல்லை, பயப்படாமல் இருங்கள் என்று சொன்னார்களாம். அந்தத் தைரியத்தில்தான் இது என்று வயிற்றைத் தொட்டுக் காட்டினாள்.

"ஆஸ்பத்திரில ஒரு சின்ன பாட்டில் குடுத்தாங்கக்கா. இந்தத் தண்ணிலதான் போடணும், அளத்துத் தண்ணி ஊத்தக் கூடாதுன்னு ரெண்டு வாட்டி சொன்னாங்க. யாராச்சும் அளத்துத் தண்ணியப் போய் ஊத்துவாங்களா?" என்று சிரித்தாள்.

டேப் என் கையில் இருந்தது. எந்த அளவைப் பார்த்தேன் என்பதே மறந்துவிட்டது. குண்டூசி தேடுவதுபோலக் கொஞ்ச நேரம் குனிந்திருந்தேன். "தெரியாதவங்க ஊத்துவாங்கம்மா. கெட்டுடக் கூடாதுன்னு ஊத்துவாங்க" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. இன்னும் மாதம் போனால் பிரித்துவிட வசதியாக இருக்கட்டும் என்று உள்ளே நிறையத் துணி விட்டு அந்த ஜாக்கெட்டைத் தைத்துக் கொடுத்தேன்.

அவள் போன பிறகு வெகுநேரம் மெஷின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தேன். பெயரும் இல்லாமல் கல்லறையும் இல்லாமல் போன என் பிள்ளையை இந்த உலகத்தில் நினைத்துக்கொண்டிருப்பது நாங்கள் மூன்று பேரும், ஒவ்வொரு முறை அந்தச் சின்னப் பாட்டிலைக் கையில் கொடுக்கும்போதும் யாரோ ஒரு நர்ஸ் சொல்கிற 'அளத்துத் தண்ணி வேணாம்' என்ற அந்த ஒரு வார்த்தையும்தான்.